தேவாங்கு வந்திருந்தது

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காலுறை போட்டுக்கொள். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

போன வாரம் ராத்திரி பின்கட்டு ரம்புத்தான் மரத்தில் ஒரு தேவாங்கு. ஒரு கிலோகூட இருக்காது. டார்ச் அடித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது. "கும்பிடுது பாருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கும்பிடவில்லை, முழங்கை உட்பக்கம் சுரக்கும் எண்ணெயை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சு, கடித்தால் புண் லேசில் ஆறாது என்று விளக்கிச் சொன்னேன். என் மகள் சொல்லிக்கொடுத்தது என்றும் சொன்னேன்.

நீ ஆராயும் நாடா மாதிரி நீளக் கடற்புழுவுக்கோ மேலெல்லாம் வழியும் சளியிலேயே நஞ்சு. 1864-இல் ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கியது 55 மீட்டராம். இழுத்தால் நீளும் உடம்பு, அந்த அளவை நான் அப்படியே நம்பவில்லை. அதற்கு இதயமே கிடையாது, ரத்தக்குழாய்கள்தான் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் என்று படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சில வகைகளை வெட்டினால் துண்டு தனிப் புழுவாக வளருமாம். தாயைத் தேடாது. புழுவோடு நாளெல்லாம் இருக்கிறாய், எனக்கு ஒரு வரி போட மூன்று மாதமாக நேரமில்லை. சரி, விடு. வேளைக்குச் சாப்பிடு.

தேவாங்குத் தாய் இரை தேடக் கிளம்பும்போது குட்டியைக் கிளையிலேயே விட்டுவிட்டுப் போகும். போகும் முன் அந்த நஞ்செச்சிலால் குட்டியை நக்கிவிடும் என்கிறார்கள், எதுவும் கிட்டே வராதிருக்க. அப்புறம் திரும்பி வந்து தூக்கிக்கொள்ளும்.

நான் வரவில்லை பாப்பா. அப்பா லாரியில் போய்விடுவார், எனக்குப் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். உன்னை நிபோங் திபால் தோட்டத்தில் பாட்டியிடம் விட்டேன். பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, மாதம் ஒருமுறைதான் வருவேன். ஒருநாள் பஸ் நகர்ந்ததும் பின்னாலேயே ஓடி வந்தாய். ஒரு காலில்தான் செருப்பு. கண்டக்டர் "நிறுத்தவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு ஷிப்ட் தவறினால் சம்பளம் வெட்டுவார்கள். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. ஆறு வயதில் கூட்டிவந்தபோது என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தீபாவளிக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. போன் தலைமாட்டில்தான் இருக்கிறது, எத்தனை மணியானாலும் கூப்பிடு. காலுறை போட்டுக்கொள்.

அம்மா