டோவர் காட்டின் மேற்குப் பாதியை விட்டுவிடுங்கள்: வீவகவுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் (வீவக) தேசிய வளர்ச்சி அமைச்சுக்கும்,

வணக்கம். வீடே கட்டாதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. என் அக்கா மகள் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவின் பேரில் வீவக கட்டித்தரும் புது வீட்டுக்கு, விண்ணப்பம் போட்டுவிட்டு, குலுக்கலில் எண் வருமா வராதா என்று கல்யாணத்தையே தள்ளிப் போட்டவள். அவளிடம் போய், பறவைக்கு இடம் வேண்டும், நீ இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால்தான் 2021 ஜூலையில் நீங்கள் சொன்ன முடிவை நானும் சரி என்றே எடுத்துக்கொண்டேன். உலு பாண்டான் பக்கம் இருக்கும் 33 ஹெக்டர் டோவர் காட்டில் கிழக்குப் பாதி வீடுகளுக்கு, மேற்கில் ஓர் இயற்கைப் பூங்கா, மீதியை இப்போது தொடுவதில்லை, சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி பார்ப்பது. உறுத்துவது அந்தக் கெடுதான். பத்தாண்டு என்றால் 2031, அது ஒன்றும் தொலைவில் இல்லை.

கம்பமும் (கிராமக் குடியிருப்பும்) ரப்பர் தோட்டமும் இருந்த இடம்தானே, ஆதிகாடா என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஆதிகாடு இல்லைதான். ஆனால் ஆட்கள் போனபிறகு பல பத்தாண்டுகளாகக் கைபடாமல் தானே வளர்ந்த காடு. கம்பத்துக்காரர்கள் விட்டுப்போன டுரியான் மரங்கள் உள்ளே இன்னும் நிற்கின்றன. அல்பீசியா மரம் காற்றுக்குச் சட்டென்று முறியும், நிழலைத் தவிர ஒன்றுக்கும் உதவாது என்பார்கள், ஆனால் கடற்கழுகு போன்ற பெரிய பறவைகள் கூடு கட்டத் தேடுவது அந்த உயரத்தைத்தான். உலு பாண்டான் கால்வாய் ஓரமாகக் காலையில் நடந்தால், வைக்கோல் நிறத் தலையுள்ள புல்புல் பாடுவது சில நாள் காதில் விழும், அப்படி ஒரு கணீர்க் குரல். அந்தக் குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்து, தாய்லாந்தில் அந்தப் பறவையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை நம் சிங்கப்பூரில் இருக்கின்றன.

ஏற்கெனவே பாதி போய்விட்டது. மிச்சத்திலும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால், வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து, வெட்டாத மரங்களும் காய்ந்து சாயும். பேருக்குத்தான் அது காடாக இருக்கும்.

நிலம் வேறெங்கே என்று கேட்பீர்கள். கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது, அதுவே 120 ஹெக்டருக்கு மேல். கெப்பல் கிளப் கோல்ஃப் திடல் வீடுகளுக்கு வந்துவிட்டது. பாய லேபார் விமானப் படைத் தளம் 2030களில் இடம் மாறினால் அந்த வட்டாரத்தில் 150,000 வீடுகள் வரை கட்டலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மட்டம் தட்டிய நிலம் இவ்வளவு இருக்கும்போது காட்டை ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும்?

நான் கேட்பது இதுதான். மேற்குப் பகுதியின் நிலப் பயன்பாட்டு வகையை 2031 வரை இழுக்காமல் இப்போதே குடியிருப்பிலிருந்து நீக்குங்கள். அப்புறம், எந்தக் காடானாலும் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்த பிறகுதான் இயந்திரம் இறங்க வேண்டும். கிராஞ்சியில் இருந்த காட்டில் ஆய்வு முடியும் முன்பே 4.5 ஹெக்டர் தவறுதலாக மொட்டையானது 2021இல் தெரியவந்தபோது, மன்னிப்பு வந்தது, மரம் வரவில்லை.

இன்னொன்று. கிழக்கில் வீடு வாங்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் பச்சை தெரியும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்குகிறார்கள். நாளைக்கு மேற்கில் கைவைத்தால் முதல் மனு அவர்களிடமிருந்துதான் வரும்.

இப்படிக்கு,
உலு பாண்டான் பக்கம் நடக்க வருகிற ஒருவர்