இறக்கம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதனோடு வைத்திருந்த விலைப்பட்டியலும் கிடைத்தன. இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று உன் வீட்டில் கேட்டதையும் அதற்கு நீ சொல்லிச் சமாளித்ததையும் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "உங்களுக்கும் அதே வியாதிதான், வண்டிதான் பழையது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86, முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே தாழ்த்தியது, பெடரல் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் இடுப்பைப் பதம் பார்க்கிறது. இதற்கு நல்ல சஸ்பென்ஷன் சாமான்களாகப் போட வேண்டும், மூன்றில் எது என்று கேட்டிருக்கிறாய். பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரிலும் வண்டி எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறாய். இறங்கிய பிறகு, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சார்பர் மேலும் கீழும் ஓட எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை எங்கும் குறிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த மிச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயரும் விலையும் அதற்குப் பின்னால்தான்.

என் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ உனக்கு மறந்திருக்காது. லோட்டஸ் பொறியாளர்கள் பக்குவம் செய்த சஸ்பென்ஷன் என்று வில்லை ஒட்டியே விற்ற வண்டி. அதன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றைக் கிரைண்டரால் வெட்டிவிட்டு, அவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உன்னையும் ஏற்றிக்கொண்டு பாலிக் பூலாவ் மலைப்பாதைக்குப் போனேன். பாதி வளைவில் சாலையில் ஒரு சிறு மேடு வந்தது; பின்சக்கரம் தரையை விட்டுத் தாவியது; நீ முருகா என்றாய். அன்று நடந்தது என்னவென்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்றொரு துண்டு இருக்கும். கையால் அழுத்தினால் நுரைபோல் அமுங்கும், ஆனால் வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கினால் மரக்கட்டையாகிவிடும். நான் வண்டியை இறக்கியபோது அந்தத் துண்டுக்கும் அப்சார்பருக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தின்றுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, பம்ப் ஸ்டாப்பில் ஓடியது. உன் 86-இலும் இப்போது அதுதான் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பின் அப்சார்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டுப் பளபளக்கும் தண்டைச் சுற்றி ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அப்சார்பர் உடம்பின் வாய்வரை கீழே இறக்கி வை. வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து, அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார். பம்ப் ஸ்டாப்பின் அடியில் போய் நசுங்கிக் கிடந்தால், புதிய ஸ்பிரிங் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்த உயரத்தில் உனக்குச் சுகம் தராது.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். முதலாவது, வண்டியை இறக்கும் வெறும் லோவரிங் ஸ்பிரிங் மட்டும். ஐபாக் நல்ல பெயர்தான், அதில் குறையில்லை. ஆனால் 10 வயதைத் தாண்டிய அப்சார்பரின்மேல் புது ஸ்பிரிங்கைப் போடுவது பழைய வேட்டிக்குப் புதுக் கரை தைப்பது போல. போடுவதானால் தாழ்த்திய வண்டிக்கென்றே நீளம் குறைத்துச் செய்த அப்சார்பரோடு சேர்த்துப் போடு. பில்ஸ்டைன் அப்சார்பரில் பி6 வண்டியின் இயல்பான உயரத்துக்கு, பி8 தாழ்த்திய உயரத்துக்கு. இரண்டும் ஒற்றைக் குழாய் அமைப்பு, உள்ளே அழுத்தமேற்றிய வாயு இருப்பதால் கெந்திங் மலை இறக்கம் போன்ற இடத்தில் எண்ணெய் சூடேறினாலும் நுரை கட்டிப் பிடி தளராது. 25 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி அன்றாடம் ஓட்டுபவனுக்கு நான் சொல்வது இந்தச் சேர்க்கைதான்.

இரண்டாவது, தைவான் தயாரிப்பான உயரம் மாற்றும் காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்தே வருவது. இங்கே கடைக்காரர்கள் 'ஹைலோ பாடிஷிஃப்ட்' என்று சொல்லி விற்பது இதைத்தான். அந்தச் சொல்லில் விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் திருகி இறக்கும் வகையில் இறங்க இறங்க ஓட்டத்தின் மிச்சம் குறையும். அப்சார்பரின் அடிப்பாகத்தையே திருகி நீளத்தை மாற்றும் வகையில் ஓட்டம் அப்படியே இருக்கும். ஆகவே பாடிஷிஃப்ட் என்று வாயால் சொன்னால் போதாது, கீழே தனியாகத் திருகும் தாங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார். 30 படிகள் மாற்றலாம் என்பதில் மயங்காதே. ஒரே திருகு அமுங்குவதையும் விரிவதையும் ஒன்றாகவே மாற்றும் வகையில், எத்தனை படி இருந்தாலும் கையில் இருப்பது ஒரே பிடிதான்.

மூன்றாவது டெயின் ஃப்ளெக்ஸ் இசட் காயில்ஓவர். இரட்டைக் குழாய், விலைக்கு மோசமில்லை. ஆனால் மூடிய அமைப்பு. எண்ணெய் கசிந்தால் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போட வேண்டும். இது குறை என்று நான் சொல்லமாட்டேன், தெரிந்துகொண்டு வாங்கு என்கிறேன்.

ஸ்பிரிங் எண்ணை, அதாவது அது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதைப் பற்றி நீ கேட்டிருந்தாய்: முன்னால் 6 கேஜி, பின்னால் 8 கேஜி என்றால் பின்பக்கம்தானே விறைப்பு? அப்படி இல்லை. 86-க்கு முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கைச் சுமந்த அப்சார்பரே தூண்போல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. சக்கரம் எழும் அளவுக்கு ஏறக்குறைய ஸ்பிரிங்கும் அமுங்கும். பின்னால் டபுள் விஷ்போன், அதாவது ஆர்ம் என்னும் கைகள் மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. அங்கே ஸ்பிரிங் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் எழுவதைவிடக் குறைவாகவே அமுங்கும். சக்கரம் 4 அங்குலம் எழும்போது ஸ்பிரிங் 3 அங்குலம் அமுங்குகிறது என்று வைத்துக்கொள். ஆர்ம் நெம்புகோல்போல் தூரத்தையும் விசையையும் ஒருசேரக் குறைப்பதால், முக்காலை முக்காலால் பெருக்கி, அதை 8-ஆல் பெருக்கினால், சக்கரம் உணரும் விறைப்பு 4.5 கேஜிதான். ஆக 6-ஐப் போட்ட முன்பக்கமே அதிக விறைப்பு. பெட்டியில் அச்சிட்ட எண்ணை இன்னொரு வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டு நண்பர்கள் சண்டை போடும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

இன்னும் விசித்திரமான ஒன்றைச் சொல்கிறேன். மெக்பெர்சன் வண்டியை மிகவும் இறக்கினால் வளைவில் அது சாய முனைவது குறையாது, கூடும். லோவர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் நெம்புகோலாக நீளும். அதை மறைக்கத்தான் விறைப்பான ஸ்பிரிங் போடுகிறார்கள். ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்டை நீளமானதாகப் போட்டு ஆர்மின் சரிவை மீட்கலாம். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் உறுப்பில் மலிவு பார்க்காதே. அதைவிட 15 மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்வது நல்லது, காசும் மிச்சம்.

ஆர்மின் மூட்டில் உட்காரும் உருளையான புஷ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் என் வண்டியின் ஆர்ம் புஷ் அனைத்தையும் புதிதாக, நல்ல ரப்பரில் மாற்றினேன். எட்டே மாதத்தில் பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் 'டொக்' என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஒரே பக்கமாகப் பிறைநிலாப் போலக் கிழிந்திருந்தது. காரணம் சாமான் அல்ல. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டியிருப்பது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதன் ஓய்வுநிலை. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால் வண்டி நிற்கும்போதுகூட அது முறுக்கிக்கொண்டே இருக்கும். உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தில் எடை நிற்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். உன் வண்டியில் இதைச் செய்திருக்கமாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். பாலியூரித்தேன் புஷ் தடையில்லாமல் சுழலும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். உலோகப் பந்து மூட்டான பில்லோபால் பந்தயத் தடத்துக்குச் சரி, நம் மழைக்கும் மணலுக்கும் சீக்கிரம் தட்டத் தொடங்கும். தினசரி வண்டிக்கு ஹார்ட்ரேஸ் செய்வதுபோன்ற கெட்டி ரப்பரே எனக்குப் பிடித்தம்.

டயரின் உள்விளிம்பு தேய்கிறது என்று எழுதியிருந்தாய். எல்லாரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதைத் திட்டுவார்கள். அவ்வளவு வேகமாகத் தேய்ப்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. இறக்கியபின் இரண்டுமே மாறும் என்பதால், புதுச் சாமான் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் செய். வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் சாமான்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஜப்பான் அப்சார்பரை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், பிரித்துச் சீர்செய்யும் ஆள் கைவசம் இல்லாமல் தொடாதே. கழற்றிய சாமான்களை எறிந்துவிடாதே. வண்டியைக் கைமாற்றும்போது பரிசோதனைக்குத் தேவைப்படும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவதாகச் சொன்னாய். ஒரு நாள் முன்னதாக 86-இலேயே வா. வருமுன் நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதி அனுப்பு. தரையிலிருந்து அளக்காதே, டயர் காற்று அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். நம் தெருமுனைப் பட்டறையில் ஓட்டி ஏற்றி நிறுத்தும் நான்கு தூண் லிஃப்ட் இருக்கிறது, அதில் சக்கரம் தொங்காது. சாமான் வாங்குமுன் முதலில் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கிப் பார்ப்போம்.

உன் பழைய கூட்டாளி