பேட்ச் அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுதி அனுப்பினால் வேலைவாய்ப்பு கூடும் என்று தங்கள் இதழின் கல்விப் பகுதி மாணவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அனுப்பும் முறையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிப் பொறியியல் மாணவர்கள் கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களுக்கு எழுதிய பேட்ச்களை, அதாவது கெர்னலில் சேர்ப்பதற்கான மாற்றங்களை, என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் நிரல் நன்றாகவே இருக்கிறது. அனுப்பும் விதம்தான் அதைக் கெடுக்கிறது.

கெர்னலின் உள் அமைப்பு ஓயாமல் மாறுவது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதிலுள்ள டிரைவர்களையும் திருத்தியாக வேண்டும். எழுதிய மாணவர் பட்டம் பெற்றுப் பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விடுவார். டிரைவரோ கெர்னலின் அந்தப் பகுதியைக் கவனித்துப் பேட்ச்களை ஏற்கும் பராமரிப்பாளரின் பொறுப்பில் பல ஆண்டுகள் கிடக்கும். அவ்வளவு பெரிய சுமையை ஏற்கச் சொல்லிக் கேட்கிறோம் என்ற நினைவு அனுப்புகிறவருக்கு வேண்டும்.

முப்பந்தல் காற்றாலைகளில் அதிர்வை அளக்கும் சென்சாருக்கு ஒரு மாணவர் டிரைவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதும்போது பக்கத்துக் கோப்பில் ஒரு பழைய பிழை கண்ணில் படுகிறது, அதையும் சரிசெய்கிறார். சில இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்துகிறார். எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சாக அனுப்பினால் படிப்பவர் எதை எதற்காகப் பார்ப்பது? பிழைத்திருத்தம் பழைய பதிப்புகளுக்கும் தேவைப்படலாம்; புதிய டிரைவரோடு ஒட்டிக்கிடந்தால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ விவரணையும் தனிப் பேட்ச்சாகத்தான் போக வேண்டும். பேட்ச்சோடு போகும் விளக்கக் குறிப்பில் என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பதே முக்கியம்.

யாருக்கு அனுப்புவது என்பதைக் கெர்னலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் கோப்பே சொல்லிவிடும். பேட்ச்சின் எழுத்து நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இணைப்புக் கோப்பாக இல்லாமல் வெறும் எழுத்து மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். 2004-இல் வந்த 'சைன்டு-ஆஃப்-பை' வரியைச் சிலர் அலங்காரக் கையெழுத்தாக நினைக்கிறார்கள். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. பயிற்சிக்குப் போன நிறுவனத்தின் நிரல் அதில் கலந்திருந்தால் அனுமதி பெறாமல் அந்த வரியை எழுதவே கூடாது.

என்னை அதிகம் வருத்துவது மௌனம். பராமரிப்பாளர் நேரம் ஒதுக்கிப் பத்துக் குறிப்புகள் எழுதியிருப்பார். மாணவர் இரண்டை மட்டும் திருத்தி மறுபடி அனுப்புவார். மற்ற எட்டுக்கும் பதில் வேண்டாமா? உடன்பாடில்லை என்றால் காரணம் சொல்லலாம், அதில் தவறே இல்லை. பதில் வரவில்லை என்று மறுநாளே நினைவூட்டுவதும் முறையல்ல. ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். புதிய மாற்றங்களை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இணைத்துக்கொள்ளும் இரண்டு வார காலத்தில் இன்னும் கூடுதலாகவே பொறுக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிந்தே பிழையுள்ள பேட்ச்களை அனுப்பிப் பார்த்த விவகாரத்தில், 2021-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேட்ச்களையே ஏற்பதில்லை என்று கெர்னலின் மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அறிவித்தார். சிலர் செய்ததற்கு நிறுவனம் முழுவதும் பெயர் கெட்டது. பேட்ச்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை நம் மாவட்டக் கல்லூரிகள் தொடங்கிவிடக் கூடாது. விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே மாணவரின் முதல் பேட்ச் வெளியே போகட்டும்.

கெர்னல் ஆவணங்களிலேயே பேட்ச் அனுப்புவதற்கான வழிகாட்டி இருக்கிறது. அதன் முக்கியப் பகுதிகளைத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகத் தங்கள் கல்விப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிரைவர் நிரலாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.