அழுத மனிதரைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. பெர்த்தில் இப்போது குளிர்காலம். அதைச் சாக்காக வைத்து நடையை விட்டுவிட வேண்டாம் என்று சொல். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். மகள் பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போய்விட்டாள். பேரன் தொடக்கநிலை ஐந்து. அவனுடைய தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு நான்தான் கூட உட்காருகிறேன். அப்படித்தான் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சிவன் எங்கள் பேச்சில் வந்தார்.

அதற்கு நீ எழுதிய பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனத் தலைவர் கேமரா முன்னால் பிரதமர் தோளில் சாய்ந்து அழலாமா?" என்று கேட்டிருந்தாய்.

2019 செப்டம்பர் 7 விடியற்காலையில், நிலாவுக்கு அனுப்பிய சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலத்தோடு தொடர்பு அறுந்தபோது, அதை உலகத்துக்குச் சொன்னவரே அவர்தான். நிலாத் தரையிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது, அதற்குப் பிறகு தொடர்பு போய்விட்டது, தரவுகளை ஆராய்கிறோம் என்று சுருக்கமாக அறிவித்தார். யார் மேலும் பழி போடவில்லை, எதையும் மழுப்பவில்லை. நீ பார்த்த அந்தக் கண்ணீர் பொழுது விடிந்த பிறகு, பிரதமரை வழியனுப்பும்போது வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு அழுத மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் அவரை மதிப்பது 2019க்காக இல்லை. 2011க்காக.

அந்த வருஷம் ஏப்ரலில் அவரை, கனமான செயற்கைக்கோள்களைத் தூக்கும் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் திட்ட இயக்குநராகப் போட்டார்கள். அப்போது அந்த ராக்கெட் இருந்த நிலைமையை நினைத்துப் பார். 2010இல் மட்டும் இரண்டு தோல்வி. ஏப்ரலில், உள்நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) இயந்திரத்தை முதல்முறை பறக்கவிட்டு, அது வேலை செய்யாமல் போனது. கிறிஸ்துமஸ் அன்று, ரஷ்ய இயந்திரத்தோடு கிளம்பிய அடுத்த ராக்கெட் சிறிது நேரத்திலேயே வங்காள விரிகுடாவுக்கு மேலே சிதறியது. இஸ்ரோவுக்குள்ளேயே அதற்குக் 'குறும்புக்காரப் பிள்ளை' என்று பட்டப்பெயர். எந்தப் பொறியாளரும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள விரும்பாத ராக்கெட் அது. அதைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் சோதனை மேல் சோதனை. 2013 ஆகஸ்ட் 19 அன்று ராக்கெட் ஏவுதளத்தில் நிற்கிறது, நேரம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிகிறது. உடனே நிறுத்திவிட்டார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் பார்த்தவன் நீ. தொட்டி கசிகிறது என்றால் என்ன செய்வீர்கள்? விரிசல் விட்ட இடத்தை மட்டும் அடைத்துவிட்டு அனுப்புவீர்களா? அவர்களும் அப்படிச் செய்யவில்லை. ராக்கெட்டைத் திரும்பக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பழைய அலுமினியக் கலவை நாளாக நாளாக விரிசல் விடக்கூடியது என்று தெரிந்ததும், அந்த இரண்டாம் கட்டத்தையே கழற்றிவிட்டு, வேறு கலவையில் செய்த தொட்டியோடு புதியதைப் பொருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட் 1,982 கிலோ செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரியான பாதையில் விட்டது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு எரிகிற அந்தக் கிரையோஜெனிக் இயந்திரத்தின் நுட்பத்தை, அமெரிக்காவின் நெருக்குதலால் ரஷ்யா 1993இல் தராமல் நிறுத்திக்கொண்டது. சொந்தமாகச் செய்து பறக்கவிட இருபது வருஷம் ஆயிற்று. 74 நிமிடம் இருக்கும்போது 'நிறுத்து' என்று சொல்லும் மன உறுதி இல்லாமல் அந்த ஜனவரி வந்திருக்காது.

ராக்கெட்டின் பாதையைக் கணினியில் போட்டுப் பார்க்கும் 'சித்தாரா' மென்பொருளுக்குப் பின்னால் இருப்பவரும் அவர்தான். ஏவும் நாளன்று மேலே வீசும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பாதையைத் திருத்திக்கொண்டு கிளம்பும் முறையையும் வகுத்தார். காற்றுக்காகக் காத்துக் கிடக்க வேண்டிய நாட்கள் அதனால் குறைந்தன.

அவரும் நம் வயதுக்காரர்தான், 1957 ஏப்ரலில் பிறந்தவர். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை. தமிழ்வழி அரசுப் பள்ளி. பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். அப்பா முடியாது என்றார். ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தும் நடக்கவில்லை. வயலில் கூட நிற்க ஆள் வேண்டும் என்று பக்கத்திலேயே இந்துக் கல்லூரியில் கணிதத்தில் சேர்த்தார்கள். பட்டம் வாங்கிய பிறகு அதே அப்பாதான், ஒருமுறை தடுத்துவிட்டேன், இனித் தடுக்கமாட்டேன் என்று நிலத்தை விற்றுச் சென்னை குரோம்பேட்டையில் எம்ஐடி பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார். அதுவரை வேட்டிதான், முழுக்கால்சட்டை போட்டதே அங்கே போன பிறகுதான். அவரே சொன்ன கதை இது.

இதைப் படித்தபோது மெக்ஸ்வெல் ரோட்டு உமறுப்புலவர் பள்ளி ஞாபகம் வந்தது. நாமும் இயற்பியலைத் தமிழில்தான் படித்தோம். அந்த நேர்காணலில் உன் ஆங்கிலத்தைக் கேட்டு மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் சிரித்ததை நீ இன்னும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. நம் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதே வருஷம்தான் தமிழில் படித்த இவர் இஸ்ரோவில் பிஎஸ்எல்வி ராக்கெட் திட்டத்தில் சேர்ந்தார். நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேருக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடாக இருந்தது! அவர்களுக்கு விற்க நிலமும் இல்லை, சேர்த்துக்கொள்ள ஓர் எம்ஐடியும் இல்லை. இதைச் சொல்லாமல் சிவனைப் பற்றிப் பேரனிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்காது. 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் மாலை ஆறு மணிக்கு, இங்கே இரவு எட்டரை, ஒரு பிஎஸ்எல்வி கிளம்பியது. அதில் இருந்த ஆறு செயற்கைக்கோள்களும் சிங்கப்பூருடையவை. பெரியது டெலியோஸ்-1, 400 கிலோ. நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டு நாடுகளுக்கு மேலே அடிக்கடி வந்துபோகும்படி அதற்குப் பாதை அமைத்தார்கள். மற்றவற்றில் நன்யாங் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் செய்ததும் உண்டு, கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்ததும் உண்டு. அந்த ராக்கெட்டை உருவாக்கிய விக்ரம் சாராபாய் மையத்துக்கு அப்போது இயக்குநர் சிவன். இங்கே பேரனிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். உடனே ஐபேடில் அந்தக் காணொளியைத் தேடிப் பார்த்துவிட்டான்.

2018இலிருந்து 2022 வரை தலைவராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது அந்த நாற்காலியில் சோம்நாத். இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவிய படங்களை எடுத்தது, சிவன் காலத்தில் அனுப்பி இன்னும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2 சுற்றுகலம்தான். 2025 ஜனவரியிலிருந்து தலைவராக இருக்கும் நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் இயந்திரத்திலேயே ஊறியவர். அவரைப் பற்றி நிறைய இருக்கிறது, அடுத்த கடிதத்தில்.

டிசம்பரில் வரும்போது பேரனோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் நீ. அலுமினியத் தொட்டி எப்படி விரிசல் விடும், பற்றவைத்த இடத்தை எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உன்னிடம் இருக்கிறது. தமிழிலேயே சொல்லிக்கொடு. விமானச்சீட்டு எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்