சிவப்பு அட்டைக்கு ஓட்டு எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டம் படிக்கும் பேத்தி 'என்ஃப்ரான்சைஸ்மென்ட்' என்றால் என்ன என்று கேட்டாள். வாக்குரிமை தருவது என்றேன். அடிமையை விடுவிப்பதற்கும் அதே சொல்தானாம். இங்கிலாந்தில் நீண்டகாலக் குத்தகை வீட்டில் இருப்பவர் அந்த மனையை வாங்கிச் சொந்தமாக்குவதற்கு 1967இல் சட்டம் வந்தது. அதற்கும் இதே பெயர்தான்.

எனக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் நினைவு வந்துவிட்டது. நம் மலேசியாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, சிறு வயதிலிருந்தே பால்மரம் வெட்டியவர். உளி பிடித்த காய்ப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அதே கையில் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசிதான், குடியுரிமை இல்லை; அதனால் ஓட்டும் இல்லை. தேர்தல் நாளில் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். மை வைத்த விரலோடு பேரன்கள் வந்ததும், அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதுக் குடிமக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. பெயரும் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. ரொம்ப நல்லது. அப்புறம் இந்தப் பாட்டி? குடியுரிமைக்கு மனு போட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். இவரைப் போன்ற முதியவர்களின் மனுக்களை அதிகாரிகள் வீடு தேடி வந்து விசாரித்து, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடித்துக் கொடுக்க வேண்டும்.

தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்