ஜக்கம்மா கோவில் சலகெருதுத் தொழுவம்: ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்

ஜக்கம்மாள் துணை

அன்பார்ந்த பங்காளிகளே, மாமன் மச்சான்மார்களே, வாக்கப்பட்டுப் போன பெண்மக்களே,

நம் மந்தையின் சலகெருதுத் தொழுவம், அதாவது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட மாடுகள் நிற்கும் கொட்டகை, போன கார்த்திகை மழையில் மேற்குச் சுவரோடு சரிந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு மாட்டுக்குக்கூட அடிபடவில்லை. அது அம்மன் காத்தது. அன்றிலிருந்து 41 மாடுகளும் கோவிலுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழேதான் நிற்கின்றன. சுவர் எழுப்பி, கல்தூண் நட்டு, போர்வெல்லும் போட்டுவிட்டோம். கூரைக்குத்தான் பணம் இல்லை. பாதித் தொகை முன்பணமாக வந்தால்தான் இரும்புச் சட்டம் அடிக்க முடியும் என்கிறார் வெல்டிங்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது, இரும்பை அவரும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இப்போது ஆவணி. புரட்டாசி முடிவதற்குள் தகரம் ஏறவில்லை என்றால் இந்த மழையையும் மாடுகள் நனைந்துகொண்டேதான் கழிக்க வேண்டும்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் முன்னோர் ஜக்கம்மாவையும் பொம்மக்காவையும் கும்பிட்டுக்கொண்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே இருந்து வந்தவர்கள். பகைவர் துரத்திவர ஆற்றங்கரையில் தவித்து நின்றபோது, அக்கரையில் நின்ற இரண்டு புங்க மரங்கள் வளைந்து பாலமாகி அவர்களைக் கரை சேர்த்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால்தான் கல்யாணக் குடிசைக்கு இன்றைக்கும் புங்கங்கொம்பு ஒடித்து வருகிறோம். கூட்டம் கூடினால் கம்பளி விரித்து, வேப்பிலை போட்ட கலசத்தை நடுவில் வைத்துத்தான் பேசுகிறோம். இந்தத் தொழுவத்தைக் கட்டுவது என்ற முடிவும் அந்தக் கம்பளியின் முன்னால் எடுத்ததுதான்.

பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மனுக்குக் குலதெய்வமாக இருந்தவளும் இதே ஜக்கம்மாதான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையைத் திரும்ப எழுப்பினார். அதே வருஷம் கும்பினிப் படை (வெள்ளைக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) அதையும் பிடித்துத் தரைமட்டமாக்கியது. 1974-ல் அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. இன்றும் மே மாதத் திருவிழாவுக்கு வீர ஜக்கதேவி கோவிலில் எத்தனையோ மாவட்டத்துச் சனம் கூடுகிறது. இடிந்த கோட்டையை மறுபடி கட்டியவர்கள் வழியில் வந்துவிட்டு ஒரு தொழுவத்துக்குக் கூரை போட முடியாமல் நிற்கிறோமே என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். குழுவிடம் அதற்குப் பதில் இல்லை.

தொழுவம் எதற்கு, கோவிலைப் பெரிதாகக் கட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட எருதை நாம் ஏரிலும் பூட்டுவதில்லை, வண்டியிலும் பூட்டுவதில்லை. செத்தால் மாலை போட்டு, உறுமி அடித்து, மனிதருக்குச் செய்வது போலவே அடக்கம் செய்கிறோம். மாலை தாண்டும் விழாவில் எல்லைச்சாமி கோவிலிலிருந்து ஓடிவந்து முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டும் எருதுக்குக் கன்னிப்பெண்கள் மஞ்சள்தூள் தூவி எலுமிச்சம்பழம் கொடுக்கிறார்கள். அந்த ஒரு பழத்துக்காகத்தான் மந்தை மந்தையாக வருகிறோம். எருது இல்லாமல் அம்மனுக்கு விழா ஏது? கோபுரக் கலசம் பத்து வருஷம் கழித்தும் வைக்கலாம், வாயில்லாத சீவன் அத்தனை காலம் மழையில் நிற்காது.

சரி, கணக்குக்கு வருவோம். மொத்த மதிப்பீடு ரூ. 18,40,000. சுவர், கல்தூண், தரைக்கு ரூ. 7,80,000. போர்வெல், மோட்டார், தண்ணித் தொட்டிக்கு ரூ. 2,35,000. இந்த இரண்டும் செலவாகிவிட்டது. கூரைக்கு ரூ. 4,20,000, அம்மன் சன்னதிப் பழுதுக்கு ரூ. 2,60,000, ஒரு வருஷத் தீவனத்துக்கு ரூ. 1,45,000. இதுவரை வந்தது ரூ. 11,25,000. கையில் மிச்சமுள்ள ரூ. 1,10,000 தீவனத்துக்கென்று ஒதுக்கியது, அதில் கை வைக்க மாட்டோம். ஆக, இன்னும் ரூ. 7,15,000 வேண்டும்.

வந்த பணத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு முகம் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் வேலை பார்க்கும் நம் பெண்மக்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு அந்தத் தொகையை அப்படியே அனுப்பினார்கள். பிறந்த வீட்டுக் கோவிலுக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதே இல்லை. பெங்களூரில் டீக்கடை வைத்திருக்கும் பங்காளி ஒருவர் கல்தூண் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார், பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கணவரை இழந்த ஒரு அம்மா கிடாய்க்குட்டி விற்ற பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். கொத்தனார்கள் நம் சாதிசனம் இல்லை, ஆனாலும் மூன்று நாள் கூலியை அம்மனுக்கென்று விட்டுக்கொடுத்தார்கள். உறுமிக்காரர்கள் விழாக் கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார்கள். சோளத்தட்டையும் வைக்கோலும் வண்டி வண்டியாக இறக்கிவிட்டுப் போன பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? உங்கள் பட்டி பெருகட்டும், அம்மன் உங்கள் வாசலில் நிற்கட்டும்.

அப்புறம், சொல்லாமல் விட முடியாத விஷயம் ஒன்று. தலைக்கட்டு வரி, அதாவது குடும்ப வரி, ரூ. 3,000. மொத்தம் 212 தலைக்கட்டு, கட்டியது 149. பாக்கி 63 பேர் கட்டினாலே ரூ. 1,89,000 வந்துவிடும், வெல்டிங்காரருக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். விளைச்சல் இல்லாமல் கஷ்டப்படுகிறவர்களை நாங்கள் அறிவோம். அவர்கள் தவணையாகக் கட்டலாம், அதற்கும் வழியில்லை என்றால் கூரை வேலைக்கு இரண்டு நாள் ஆளாக வந்து நின்றால் போதும். ஆனால் பட்டணத்தில் மாடி வீடு கட்டியவர்களும் இந்த 63-ல் இருக்கிறார்கள். தை விழாவில் தேவராட்ட வரிசையில் முன்னால் நின்று ஆடுகிறீர்கள், அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள். எருது நிற்க ஒரு நிழல் வேண்டும் என்கிறபோது மட்டும் போனை எடுப்பதில்லை. பெற்றவர்கள் நேர்ந்துவிட்ட கன்றுகள்தான் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

வரிக்கு மேல் கொடுக்க மனமுள்ளவர்கள் ஒரு தகரம், ஒரு சட்டம் என்று கணக்கிட்டும் கொடுக்கலாம். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, வைக்கோலாகத் தந்தாலும் பணமாகவே வரவு வைப்போம். பணத்தைக் கோவில் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள், அல்லது பொருளாளர் கையில் கொடுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில் முன்பு கம்பளி விரித்துக் கணக்கு வாசிக்கப்படும். கொடுத்தவர் பெயரோடு, வரி பாக்கி உள்ளவர் பெயரும் அன்றைக்கு வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
கோவில் திருப்பணிக் குழுவினர்