செவலையை அவிழ்த்துவிட்டது நான்தான்

அந்தியூர்,
ஆடி மாதம், ஞாயிறு இரவு

கண்ணு,

அமெரிக்காவில், கொலராடோ மலையில் நடந்தபோது எடுத்து நீ அனுப்பிய வீடியோவை ஏழு தடவை பார்த்துவிட்டேன். உன் அம்மா பாதிதான் பார்த்தாள். மூட்டை சுமக்கும் அந்த லாமா மிருகத்தைக் கண்டதும் சிரித்தாள், உன்னைக் கண்டதும் "எலும்பும் தோலுமாகப் போய்விட்டாள்" என்றாள். அதற்குள் நான் போனை வாங்கிக்கொண்டேன். 52ஆவது நொடிக்குப் பிறகு இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு சரிப்பாவில் முடித்துவிடுவாய். தாளில் எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

52ஆவது நொடியில் என்ன நடக்கிறது என்று நீ கவனித்தாயா? இளைப்பாற நிற்கிறீர்கள். பிஸ்கட் அசை போட்டுக்கொண்டிருக்கிறது. (ஒரு லாமாவுக்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்த மகராசன் யார்?) திடீரென்று அசை நின்றுவிடுகிறது. கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கியது ஒதுங்கியபடியே இருக்கிறது. இரண்டு காதும் ஓடைப் பக்கம் குத்திட்டு நிற்கின்றன. நீயோ அதன் கயிற்றைப் பிடித்து "நட, நட" என்று இழுக்கிறாய். பதினொரு நொடி இழுக்கிறாய், எண்ணிவிட்டேன். படம் எடுக்கும் உன் தோழி "சோம்பேறி" என்று அதைத் திட்டுகிறாள்.

அது சோம்பேறித்தனம் இல்லை கண்ணு. 33 வருடம் கால்நடைத் துறையில் மாட்டு வாயைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். மாட்டுக்கு நான்கு அறை வயிறு, உன் லாமாவுக்கு மூன்று. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அசை போடும் வாய் பாதியில் நின்றால், நாம் பார்க்காத ஒன்றை அது பார்த்துவிட்டது என்று பொருள். காது எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் அது இருக்கிறது. பிஸ்கட் பதினொரு நொடி உனக்குக் கை காட்டிக்கொண்டு நின்றது.

பிறகு உன் நாய் வீரன். கழுத்தில் வார் இல்லை. வில்லோ புதருக்குள் பாய்கிறான், குரைக்கிறான். அப்புறம் அந்தக் குரைப்பு உடைகிறது. வாலை இடுக்கிக்கொண்டு நேராக உன்னிடம் ஓடி வருகிறான். அவன் பின்னால் குதிரையைவிட உயரமாக அந்தத் தாய் மூஸ், அந்த ஊர்ப் பெரிய மான். அதற்குப் பிறகு வானமும் தரையும்தான் தெரிகின்றன. கடைசியில் ஒரு பைன் மரத்தின் பின்னாலிருந்து நீ சிரிக்கும் சத்தம். வீடியோவுக்குக் கீழே "செம அனுபவம்ப்பா" என்று எழுதியிருக்கிறாய்.

உனக்குச் சிரிப்பு வந்ததில் தப்பில்லை. உயிர் பிழைத்தவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். எனக்குத்தான் வரவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கொலராடோவில் மூஸ் கூட்டமே நிலையாக இருந்ததில்லையாம். 1978, 79இல் யூட்டாவிலிருந்தும் வயோமிங்கிலிருந்தும் கொண்டுவந்து, நீங்கள் நடந்த அதே வால்டன் பக்கத்து நார்த் பார்க் பள்ளத்தாக்கில்தான் விட்டிருக்கிறார்கள். இன்று சுமார் 3,000 ஆகிவிட்டதாம். வில்லோ இருக்கும் ஓடை அதற்குச் சோற்றுப் பானை. ஆக, கன்று போட்ட தாயின் அடுப்படிக்குள் நாயை ஏவிவிட்டு நின்றிருக்கிறாய்.

அதன் கண்ணுக்கு வீரன் உன் செல்ல நாய் இல்லை, ஓநாய். கன்றைத் தின்ன வந்த ஓநாயைக் கண்டால் அது ஓடாது, மிதிக்கும். முன்னங்காலாலும் மிதிக்கும், பின்னங்காலாலும் உதைக்கும். காதைப் பின்னால் மடித்து, திமில் மயிரைச் சிலிர்த்து, உதட்டை நக்கினால் வரப்போகிறது என்று அர்த்தமாம். நம் காளைகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. மரத்தின் பின்னால் நீ ஓடியது சரியான காரியம். மூஸ் வந்தால் ஓடலாம், ஓடத்தான் வேண்டும், நடுவே ஒரு மரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே பழக்கத்தில் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் முன்னால் ஓடிவிடாதே. அவற்றின் முன் ஓடினால் இரை என்று நினைத்துத் துரத்தும்.

இனி நான் எழுதப்போவது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

உன் அப்பாருவின், அதாவது என் அப்பாவின், இடது காது நினைவிருக்கிறதா? காது என்று சொல்ல அங்கே என்ன இருந்தது, மடித்து ஒட்டிய தோல்தான். அவர் மடியில் உட்கார்ந்து அதைத் தடவி "ஏன் தாத்தா இப்படி?" என்று நீ கேட்பாய். "எருது முட்டிவிட்டது கண்ணு" என்பார். ஊரே அப்படித்தான் நம்பியது. என் அம்மா, உன் ஆத்தா, சாகும்வரை அந்த எருதைத் திட்டினாள். எருது எதுவும் முட்டவில்லை.

1971, வைகாசி. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட லீவுக்கு அப்பாருவோடு பர்கூர் மலைக்குப் போயிருந்தேன். அப்போது நம் மாடுகள் பத்துப் பன்னிரண்டு மேலே தாமரைக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டியில் இருந்தன. செம்மறை மாடுகள், சிவப்பில் வெள்ளைத் திட்டு. முள் வேலி, நடுவில் தீ, வேலி ஓரத்தில் நாய். நாயின் பெயர் செவலை. வெயில் ஏறும்வரை நாயை அவிழ்க்கக் கூடாது என்பது அப்பாரு வைத்த சட்டம். ஏன் என்று சொன்னதில்லை. அந்தக் காலத்து அப்பன்மார் காரணம் சொல்லும் வழக்கமில்லை, நானும் கேட்கும் வழக்கமில்லை.

அன்று விடியற்காலையில் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போகச் சொன்னார். தனியாகப் போகப் பயம். செவலை வந்தால் தைரியமாக இருக்கும் என்று சத்தமில்லாமல் முடிச்சை அவிழ்த்தேன். பட்டி மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. நான் வேலியைத் தாண்டும்போது அத்தனை வாயும் நின்றது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சத்தம் நின்றால் காதுக்குள் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஆனாலும் போனேன்.

ஓடைக்கு முன்னால் ஒரு கரையான் புற்று. அதன் பின்னாலிருந்து, யாரோ சூடான கஞ்சியை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பதுபோல ஒரு சத்தம். சோளகர் யாராவது உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கரடி கரையானை அப்படித்தான் உறிஞ்சும் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். புற்றுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் அதற்கு வேறு எதுவும் கேட்காது, கண்ணும் மந்தம். நாங்கள் சும்மா திரும்பியிருந்தால் அது எங்களைப் பார்த்தே இருக்காது.

செவலை பாய்ந்தது. கரடி எழுந்து நின்றபோது அதன் முதுகு மயிருக்குள்ளிருந்து இன்னும் இரண்டு முகங்கள் எட்டிப் பார்த்தன, குட்டிகள். செவலை இரண்டு குரைப்புக் குரைத்தது, திரும்பியது, நேராக என் காலுக்கு நடுவில் வந்து புகுந்துகொண்டது. உன் வீரன் செய்தானே, அச்சு அசல் அதேதான். கரடி நாயைத் துரத்தி வந்தது, நாய் இருந்த இடத்தில் நான் இருந்தேன்.

அப்பாரு எப்போது வந்தார், எப்படி நடுவில் விழுந்தார் என்று எனக்குத் தெரியாது. கையில் தீக்கொள்ளி இருந்தது. கரடி ஒரே ஒரு தடவைதான் கையை வீசியது. பிறகு குட்டிகளோடு மூங்கிலுக்குள் போய்விட்டது. அவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, முதலில் என்னைத் தடவிப் பார்த்தார், பிறகு செவலையைத் தடவிப் பார்த்தார். மலை இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்து, "ஆத்தாவிடம் எருது முட்டியது என்று சொல்" என்றார். நான் அழுதுகொண்டே, செவலையை அடித்துக் கொன்றுவிடலாம் என்றேன். "அது என்ன பண்ணும்? பயந்தது, உன்னை நம்பி ஓடி வந்தது. அவிழ்த்தது யார்?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருந்த 38 வருடத்தில் அந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

அதனால் கண்ணு, "வீரன் கூட இருக்கிறான், பயமில்லைப்பா" என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆட்டுக் கிடையில் பிறந்து கிடையிலேயே வளர்ந்த காவல் நாய் வேறு. சோபாவில் வளர்ந்தவன் வேறு. வீரனுக்கு நீதான் காவல். நடக்கும்போது வார் உன் கையில் இருக்கட்டும். தூரத்தில் ஏதாவது தெரிந்தால் அவனைக் காலோடு ஒட்டிப் பிடி, வந்த வழியே மெல்ல விலகு. ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் பாதைகளில் நாயை விடுவதில்லை, அதனால் தேசிய வனத்துக்குப் போகிறோம் என்றாய். பூங்காக்காரர்கள் ஏன் விடுவதில்லை என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கரடி விஷயம். கொலராடோவில் கடைசியாக அறியப்பட்ட கிரிஸ்லி கரடி 1979இல் செத்துப்போயிற்று, இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான் என்று படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. நின்று, கையைத் தூக்கி, சத்தம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். மேலே விழுந்தால் செத்தவள் மாதிரி கிடக்காதே, மூக்கில் குத்து, கல்லால் அடி. மலைச்சிங்கத்துக்கும் அதேதான். அதன் முன்னால் குனிய மட்டும் செய்யாதே. வீரனைத் தூக்க முடியாது, 30 கிலோ இருக்கிறான், வாரைக் குட்டையாகச் சுற்றிப் பிடித்துக்கொள்.

கரடி ஸ்பிரே வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னாயே, எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டதற்குப் பைக்கு அடியில், சட்டைகளுக்குக் கீழே என்றாய். அங்கே எதற்கு, சட்டையைக் கரடி திருடிவிடும் என்றா? இடுப்பில் மாட்டு. உள்ளே இருப்பது வேறொன்றுமில்லை, மிளகாய்க் காரம்தான். யானை வரும் காட்டோரங்களில் மிளகாய்த் தூளையும் புகையிலையையும் எண்ணெயில் குழைத்துக் கயிற்றில் பூசி வேலி கட்டுகிறார்களே, அதன் தம்பி. எட்டு, ஒன்பது மீட்டருக்குள் வந்தால்தான் பலன். காற்று எதிரே அடித்தால் உன் கண்ணும் வீரன் கண்ணும்தான் எரியும். டப்பாவின் மேல் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பார்.

இன்னொன்று, உங்கள் சாப்பாட்டைக் கரடிப் பெட்டியில் பூட்டி, கூடாரத்துக்கு 100 கஜம் தள்ளி வைத்தீர்கள், சந்தோஷம். வீரன் தீனிப் பை கூடார வாசலிலேயே கிடக்கிறது. வீடியோவின் ஆரம்பத்தில் தெரிகிறது. பிஸ்கட்டின் தீவனமும் அப்படித்தான். கரடிக்கு உன் சப்பாத்தியும் ஒன்றுதான், நாய்த் தீனியும் ஒன்றுதான். எல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

போகவே வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாரு அடுத்த வருடமும் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார், அதுதான் பேனாவைத் தடுக்கிறது. அந்த வருடம் முழுக்கச் செவலையின் கயிறு என் கையில்தான் இருந்தது.

அடுத்த மாதம் உன் பெரியப்பா மகன் டென்வர் வருகிறானே, அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். நானே திரித்த பருத்திக் கயிறு ஒன்று, ஆறு முழம், கை பிடிக்கும் இடத்தில் தோல் வைத்துத் தைத்திருக்கிறேன். கூடவே குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய ஒரு சின்ன மணி, பிஸ்கட்டுக்கு. மணிச் சத்தத்துக்குக் கரடி ஓடாது, உங்கள் ஊர் வனத்துறைக்காரர்களே பேசிக்கொண்டு நடங்கள் என்றுதான் சொல்கிறார்கள். மணி கரடிக்கு இல்லை, உனக்கு. ஒரே சீராக ஆடிக்கொண்டிருக்கும் மணி நின்றால் நீயும் நின்றுவிடு, அதன் காதைப் பார். சுங்கத்தில் கேட்டால் சாமி மணி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, சாமி கோயில் வாசலில்தான் வாங்கினேன்.

எருது விஷயம் உன்னோடு இருக்கட்டும். அம்மாவிடம் நானே ஒருநாள் சொல்லிக்கொள்கிறேன்.

மறந்துவிட்டேனே. வீடியோவின் கடைசியில், நீ சிரிக்கும்போது, வீரன் இடது பின்னங்காலைத் தரையில் பாவாமல் தூக்கி வைத்திருக்கிறான். மிதிபடவில்லை, மிதிபட்டிருந்தால் நின்றிருக்கவே மாட்டான். அங்கெல்லாம் கோடையில் காய்ந்த புல்லின் கூர் விரலிடுக்கில் ஏறிவிடும், வெளியே தெரியாது, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சத்தில் படுக்க வைத்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார். சிவந்தோ, வீங்கியோ, சின்ன ஓட்டை இருந்தாலோ பிடுங்கப் பார்க்காதே, நாளைக்கே டாக்டரிடம் காட்டு. காட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அப்பா